வீண் ஓட்டு

எங்கள் தோட்டத்திலே 26 ஆண்டுகள் செம்பனைக் குலை வெட்டிய ஒருவர், 2023ஆம் ஆண்டு நடந்த மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சை அபேட்சகராக நிற்கத் துணிந்தார். அவர் பெயரை நான் ஈண்டு எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்குப் பெருமையாகலாம், ஆனால் அப்பெருமையைப் பங்கிட்டுக் கொள்ள எனக்கு உரிமையில்லை. தொழிற்சங்கத்தின் தோட்டக் கிளைக்குப் பல காலம் செயலாளராயிருந்தவர். மழை நாளில் வேலைக்கு வந்து திரும்பியவனுக்கு என்ன கூலி, உதிரிப் பழம் பொறுக்கிய பெண்ணின் மூட்டை எந்தக் கணக்கில் ஏறியது என்பன போன்ற வழக்குகளை ஏந்திக் கொண்டு ஆபீஸ் வாசலில் நிற்பார். அங்கே அவருக்கு நான் 'கிராணி ஐயா'. மாலையில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தால் 'தம்பி'.

ஓர் இரவு வேட்புமனுத் தாளோடு வந்தார். தேநீர் கொடுத்தேன். "தம்பி, முன்மொழிய ஓர் ஆள் வேண்டும். நீங்கள் இந்தத் தொகுதி ஓட்டாளர்தானே, உங்கள் கையெழுத்து இருந்தால் பார்ப்பவர்களுக்கு ஒரு மதிப்பாயிருக்கும்" என்றார். நான் அப்போது பேசிய பேச்சு எனக்கு இன்றும் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. "அண்ணே, நீங்கள் வெல்லப் போவதில்லை. உங்களுக்கு விழும் ஓட்டு வீண் ஓட்டு. இருக்கிற சில நூறு தமிழர் ஓட்டையும் பிரித்து, ஏதோ ஒரு கட்சிக்காரனுக்கு அனுகூலம் செய்வீர்கள்" என்றேன். மேலும் இரண்டு மூன்று காரணங்கள் அடுக்கினேன். ஆங்கிலப் பள்ளியில் படித்தவனுக்குக் காரணங்களுக்குப் பஞ்சமா! அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், தேநீரை முழுவதும் குடித்தார், போய்விட்டார்.

மறுநாள், உரம் போடும் கூட்டத்தில் வேலை செய்யும் விதவைப் பெண்ணொருத்தி முன்மொழிந்து கையெழுத்திட்டாள். தினக்கூலி. வேலை போனால் தோட்டத்து வீடும் போகும்.

சுயேச்சையாய் நிற்பது நம் நாட்டில் எளிய காரியமன்று. சட்டமன்றத்துக்கு 5,000 ரிங்கிட் டெபாசிட் கட்ட வேண்டும், பார்லிமெண்டுக்கு 10,000. பதிவான ஓட்டில் எட்டில் ஒரு பங்கு கிடைக்காவிடில் அப்பணம் திரும்பாது. பெரிய கட்சிக்கு அது ஒரு வேளை விருந்துச் செலவு. எங்கள் அபேட்சகருக்கோ அது ஐந்து வெள்ளியும் பத்து வெள்ளியுமாகப் பிஸ்கட் டின்னில் சேர்ந்தது. இதைவிடக் கொடிய சங்கடம் ஒன்றுண்டு. அவர் எவருக்காகப் பேசினாரோ அவர்களில் பெரும்பாலோர்க்கு ஓட்டே இல்லை. எங்கள் தோட்டத்தில் இன்று குலை வெட்டுவோர் இந்தோனேசியரும் வங்காள தேசத்தாருமே. நம்மவர் பிள்ளைகள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் போய் வெகுநாளாயிற்று. பெரட்டுக் களத்தில் காலையில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்து ஓட்டுக் கணக்குப் போட முடியாது. இதையும் அன்றிரவு நான் ஒரு காரணமாகச் சொன்னேன். அவர் "ஓட்டு இல்லாதவனுக்குத்தானே தம்பி பேச ஆள் வேண்டும்" என்று மட்டும் சொன்னார்.

தேர்தல் முடிந்து சில மாதங்களுக்குப் பின், பிரிட்டிஷ் தொழிலாளர் தலைவர் கேர் ஹார்டியின் சரித்திரத்தைப் படிக்க நேர்ந்தது. தொழிற்கட்சி 1900இல் பிறந்தது, 1906இல் 29 பேர் பார்லிமெண்டுக்குப் போயினர் என்று பள்ளியில் மனப்பாடம் செய்ததுண்டு. அவ்வரிகளுக்கு முன்னால் என்ன இருந்தது என்று எந்த ஆசிரியரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஹார்டி 1856இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். தாய் வீட்டு வேலைக்காரி. பத்து வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கினார். சங்கம் சேர்த்ததற்காகச் சுரங்க முதலாளிகள் அவரை எங்கும் வேலைக்கு எடாதபடி செய்தனர். 1888 ஏப்ரலில் மிட் லானார்க் என்னும் தொகுதியில் உபதேர்தல் வந்தது. சுரங்கத் தொழிலாளர் நிறைந்த தொகுதி. முதலில் அவர் லிபரல் கட்சியின் அபேட்சகராகவே நிற்க விரும்பினார், அவர்கள் ஏற்கவில்லை. அதன் பின்னரே தனித்து நின்றார். இவ்வுண்மையைச் சிலர் மறைத்து எழுதுவர். மறைப்பது வேண்டாத வேலை. கதவைத் தட்டிப் பார்த்து, திறவாமற் போகவே தன் குடிசையைத் தானே கட்டினவன் அவன். விலகிக் கொண்டால் வேறொரு தொகுதியும் ஆண்டுக்கு 300 பவுனும் தருவதாகத் தூது வந்தது, மறுத்தார். உடனே, கன்சர்வேட்டிவ்காரரிடம் பணம் வாங்கிக் கொண்டு ஓட்டைப் பிரிக்கிறான் என்ற பழி எழுந்தது. திண்ணையில் நான் பேசிய பேச்சு 135 ஆண்டுப் பழையது என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பும் வரவில்லை.

எண்ணிப் பார்த்தார்கள். லிபரலுக்கு 3,847. கன்சர்வேட்டிவுக்கு 2,917. ஹார்டிக்கு 617.

அந்த 617 பேர் யார்? பெயர் எந்த ஏட்டிலும் இல்லை; இரகசிய ஓட்டு. சுரங்கத்திலிருந்து ஏறி வந்து, கரி படிந்த கையோடு ஓட்டுப் போட்டவர்களாய் இருக்க வேண்டும் என்று நானாக எண்ணிக் கொள்கிறேன். தங்கள் ஆள் தோற்பான் என்று அவர்களுக்குத் தெரியாதா? என்னைவிட நன்றாகத் தெரியும். அதே ஆண்டு ஆகஸ்டில் ஸ்காட்லாந்துத் தொழிற்கட்சி உருவாயிற்று.

1892இல் லண்டனை அடுத்த மேற்கு ஹாம் தெற்குத் தொகுதியில் ஹார்டி வென்றார். இங்கும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: அத்தொகுதியில் லிபரல் கட்சி போட்டியிடவில்லை. தனியாள் வெல்வது பெரும்பாலும் இப்படித்தான். பெரிய மரம் சற்றே விலகி வெயில் விட்டால் சிறு செடி தலை தூக்கும். பட்டுத் தொப்பியும் நீண்ட கறுப்புக் கோட்டும் அணிந்தவர் நடுவே சாதாரணக் கம்பளித் தொப்பியோடு சபைக்குள் நுழைந்தார். பத்திரிகைகள் அத்தொப்பியைப் பற்றியே பக்கம் பக்கமாய் எழுதின. அன்று சபை அங்கத்தினருக்குச் சம்பளமும் கிடையாது; 1911இல்தான் வந்தது.

1894 ஜூன் 23 அன்று வேல்ஸ் நாட்டில் சிலிவினித் என்னுமிடத்துச் சுரங்கம் வெடித்து 290 பேர் மாண்டனர். அதே நாளில் அரச குடும்பத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அதை அடுத்துப் பிரெஞ்சு ஜனாதிபதி கார்னோ கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். சபை பிரெஞ்சு நாட்டுக்கு அனுதாபம் தெரிவித்தது. அரச குழந்தைக்கு வாழ்த்துத் தீர்மானம் கொண்டு வந்தது. சுரங்கத்தில் வெந்தவர்களின் வீடுகளுக்கும் அனுதாபம் என்று ஒரு வரி சேர்க்கலாகாதா என்று ஹார்டி கேட்டார். மறுத்தார்கள். ஆகவே வாழ்த்துத் தீர்மானத்தை எதிர்த்து எழுந்து பேசினார். சபை முழுவதும் கூச்சலிட்டது. அவர் ஒருவரே நின்றார்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். தோட்டத்து ஆபீசில் எனக்கு முன்னே பல தாள்கள் வந்து போகின்றன. விபத்து அறிக்கையும் வரும். மேலிடத்து விருந்தினர்க்கு மாலை வாங்கிய பற்றுச் சீட்டும் வரும். இரண்டையும் ஒரே பேனாவால் எழுதிக் கோப்பில் சேர்ப்பேன். இரண்டையும் சேர்த்துப் படித்து எழுந்து நிற்க ஓர் ஆள் வேண்டும் என்று எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

அடுத்த ஆண்டே, 1895இல், ஹார்டி தோற்றார். அவர் கட்சி நிறுத்திய 28 பேரும் தோற்றனர். பிறகு 1900இல் மெர்தர் டிட்வில் தொகுதி அவரை அனுப்பிற்று. அவரோடு 1892இல் தொழிலாளர் பிரதிநிதியாக வென்ற ஜான் பர்ன்ஸோ 1905இல் லிபரல் மந்திரிசபையில் போய் அமர்ந்தார். தனித்து நின்றவனெல்லாம் தனித்தே இருப்பான் என்று எவரும் சத்தியம் செய்து கொடுக்க முடியாது.

நம் பக்கத்தைப் பாருங்கள். 1955இல் சிங்கப்பூர் செம்பாவாங்கில் கடற்படைத் தளத் தொழிற்சங்கத்தைச் சேர்ந்த அகமது இப்ராகிம் சுயேச்சையாக நின்று வென்றார். மக்கள் செயல் கட்சியின் ஆதரவு அவருக்கிருந்தது, பின்னர் அதிலேயே சேர்ந்தார். பேராக்கில் சுங்கை சிப்புட் தோட்டத் தொழிலாளர் தொகுதி என்று பெயர் பெற்றது. 1974 முதல் ஒரே தலைவர் கையிலிருந்த அத்தொகுதியை 2008இல் சமதர்மக் கட்சியைச் சேர்ந்த டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ் வென்றார். அவர் கட்சி 1998இல் தோன்றியும் பத்தாண்டுக் காலம் பதிவு கிட்டாமலிருந்தது. ஆகவே 1999இல் ஒரு கட்சியின் சின்னம், 2004இலும் 2008இலும் மற்றொரு கட்சியின் சின்னம் என்று இரவல் கொடியிலே நின்றார். இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை வென்றார், 2013இலும் வென்றார். 2018இல் தம் கட்சியின் சொந்தச் சின்னத்தில் நின்றபோது டெபாசிட்டையும் இழந்தார். பத்தாண்டு அவரிடம் உதவி பெற்ற மக்களே வேறிடத்தில் ஓட்டுப் போட்டனர். அவர்களைக் குறை கூற மாட்டேன். அந்த ஆண்டு ஆட்சியை மாற்ற வேண்டும் என்று நாடே எழுந்தது. அவர்கள் போட்ட கணக்கு நேர்மையான கணக்கு.

என் கணக்குத்தான் நேர்மையானதன்று. ஓட்டுப் பிரியும் என்று நான் அஞ்சவில்லை. முன்மொழிந்தவர் பெயர் ஒட்டப்படும், அது நிர்வாகியின் காதுக்குப் போகும், தலைமைக் கிராணி அடுத்த ஆண்டு ஓய்வு பெறும்போது அந்த நாற்காலி வேறொருவருக்குப் போகும் என்று அஞ்சினேன். எவரும் என்னை மிரட்டவில்லை. மிரட்ட வேண்டிய தேவையே இல்லாதபடி நானே என்னை மிரட்டிக் கொண்டேன். அப்படி மிரண்டவனுக்கு 'வீண் ஓட்டு' என்ற சொல் எவ்வளவு மரியாதையான மறைப்பு! கோழை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அரசியல் தெரிந்தவன் என்பார்கள். ஓட்டு நாளன்று தமிழ்ப் பள்ளிச் சாவடியில் வரிசையில் நின்று, பெரிய கட்சி ஒன்றுக்குப் போட்டேன். அவருக்கு டெபாசிட் போயிற்று.

மறு திங்கட்கிழமை விடியலில் பெரட்டுக் களத்தில் செக்ரோலைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டேன். அவர் பெயர் வந்தபோது என் குரல் சற்றே தாழ்ந்தது. அவர் கழியைத் தோளில் சாய்த்தபடி எப்போதும் போலவே "ஐயா" என்று உரக்கக் குரல் கொடுத்தார். எனக்குத் தலைமைக் கிராணி வேலை கிடைக்கவில்லை; வெளியிலிருந்து ஆள் வந்தார். அஃது இக்கட்டுரைக்குச் சம்பந்தமில்லாத செய்தி, ஆயினும் எழுதத் தோன்றிற்று.

சென்ற மாதம் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தோடு திண்ணைக்கு வந்தார். டெபாசிட்டுக்குப் பணம் கொடுத்தோர் பெயரும் தொகையும் ஒவ்வொரு வரியாக எழுதியிருந்தது. பணம் போனாலும் கணக்குப் போகக் கூடாது, கொடுத்தவர்களைக் கூட்டிப் படித்துக் காட்ட வேண்டும், கூட்டல் சரியா என்று பார்த்துத் தாருங்கள் என்றார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக் கொண்டு மேலிருந்து கீழே கூட்டினேன். கீழிருந்து மேலே மறுபடி கூட்டினேன். உரம் போடும் அந்தப் பெண் 20 ரிங்கிட். ஓட்டில்லாத வங்காளத் தொழிலாளர் மூவர் சேர்ந்து 15. எங்கள் ஆபீஸ் ஆட்கள் பெயர் ஒன்றுமில்லை.

"சரியாய் இருக்கிறதா, தம்பி?"

"சரியாய் இருக்கிறது, அண்ணே" என்றேன். அவர் புத்தகத்தை வாங்கிக் கக்கத்தில் வைத்துக் கொண்டார். அடுத்த தேர்தல் எப்போது வரும் என்று நான் கேட்டேன்.