வரைபடத்தைப் பார்த்துத் திரும்பக் கட்டிய ஊர்



நெதர்லாந்தில் மகள் வீட்டில் இருந்தபோது பார்த்ததை எழுதச் சொல்லிப் பலர் கேட்டீர்கள். ஆம்ஸ்டர்டாம் படங்களை எல்லோரும் போட்டாயிற்று. நான் ஹ்யூஸ்டென் என்ற சிற்றூரைப் பற்றி எழுதுகிறேன். அமெரிக்காவின் ஹூஸ்டன் இல்லை. இது மாஸ் ஆற்றங்கரை ஊர். (நீங்கள் சினிமாவுக்குச் சொல்லும் 'மாஸ்' இல்லை, சிரிக்காதீர்கள்!)

ஊரை ஒட்டி ஓடுவது பார்க்க ஆறுதான். ஆனால் மனிதர் வெட்டியது. மாஸ், வால் என்ற இரண்டு ஆறுகளும் கலந்து வெள்ளத்தால் படுத்தியதால், மாஸ் ஆற்றுக்குத் தனி வழி வெட்டி 1904இல் திறந்தார்கள். பெர்க்ஸே மாஸ் என்று பெயர்.

ஊரைச் சுற்றி நட்சத்திர வடிவில் மண் கோட்டையும் அகழியும். ஸ்பெயினை எதிர்த்துப் போரிட்ட காலத்தில் எழுப்பியவை. 1680இல் இங்கிருந்த பழைய கோட்டை மாளிகையில் இடி விழுந்து, உள்ளே வைத்திருந்த வெடிமருந்து வெடித்தது. இன்று அதன் அடித்தளம்தான் மிச்சம். பிறகு கோட்டைக்கு வேலையில்லாமல் போக, ஊர் மெல்ல மெல்ல நலிந்தது. படகுத்துறையைக்கூட மண் போட்டு மூடிவிட்டார்கள்.

1968இல் ஊரைச் சீரமைக்கத் தொடங்கினார்கள். எதைப் பார்த்து என்கிறீர்கள்? யோவான் பிளாவ் என்பவர் 1649இல் வெளியிட்ட வரைபடத்தைப் பார்த்து! மூடிய துறையை மறுபடி தோண்டினார்கள். மண்மேடுகளை எழுப்பி, அவற்றின் மேல் காற்றாலைகளை நிறுத்தினார்கள். வரைபடம் வரையச் சொன்னால் முகம் சுளித்த பிள்ளைகளே, கேட்டுக்கொள்ளுங்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் மிதிவண்டியிலும் படகிலும் வந்து துறையோரம் காபி குடிக்கிறார்கள். "புதிதாகச் செய்த பழசுதானே" என்றார் மாப்பிள்ளை. அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு.

ஆனால் எல்லாவற்றையும் அப்படித் திரும்பக் கட்டிவிடவில்லை. 16ஆம் நூற்றாண்டில் கட்டிய அழகான நகர மண்டபம் ஒன்று இங்கே இருந்தது. 1944 நவம்பர் 4ஆம் தேதி இரவு, வெளியே குண்டு மழை. கெட்டியான கட்டடம் என்று நம்பி ஊர் மக்கள் அதன் நிலவறையில் குடும்பம் குடும்பமாக ஒதுங்கியிருந்தார்கள். பின்வாங்கிக்கொண்டிருந்த ஜெர்மானியப் படை அந்த மண்டபத்தை வெடிவைத்துத் தகர்த்தது. 134 பேர் மாண்டார்கள். பாதிக்கு மேல் 16 வயது நிரம்பாத பிள்ளைகள். சில மணி நேரத்தில், 5ஆம் தேதி காலை, நேச நாட்டுப் படை ஊருக்குள் வந்துவிட்டது.

அத்தனை சிறிய ஊரில் அத்தனை பிள்ளைகள் ஒரே இரவில் போனால் பள்ளிக்கூடம் எப்படி இருந்திருக்கும்? காலையில் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிடுவது முப்பது வருடத்துக்கு மேல் என் வேலை. எனக்கு அந்த நினைப்புத்தான் வந்தது. மகள் கூப்பிட்டும் அங்கிருந்து உடனே நகர முடியவில்லை.

போருக்குப் பிறகு அந்த இடத்தில் கட்டிய மண்டபம் பழையதைப் போல இல்லை. எளிமையான வேறு கட்டடம். ஊர் முழுவதும் பழைய உருவம் பெற்றபோதும் அதை அப்படியே விட்டிருக்கிறார்கள். அதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. மாப்பிள்ளையும் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை.

ஐரோப்பாவில் இருக்கும் மாணவர்கள் யாராவது போனால், டென் போஸ் நகரிலிருந்து பக்கம்தான். முதலில் மண்டபம் இருந்த இடத்துக்குப் போங்கள். துறையும் காற்றாலையும் அப்புறம். குழந்தைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். கோட்டை மேட்டில் ஏறி ஓடலாம்; காற்று பலம், தொப்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.