கழற்றிப் பூட்டும் தண்டவாளம்

டிசம்பர் 4

ஆசாரி பலகைகளை அறுத்துக் கொடுத்துவிட்டார். மூன்று துண்டுகள், மூன்றும் 2 அடி அகலம். கிறிஸ்துமஸ் குடிலைச் சுற்றி இந்த வருடம் ரயில் ஓடப்போகிறது. தூத்துக்குடியில் எங்கள் தெருவில் குடில் கட்டாத வீடு இல்லை. மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்ததும் எல்லாம் பிரிக்கப்படும். எனவே பதினொரு மாதம் கட்டிலுக்கடியில் கிடந்து ஒரு மாதம் ஓடுகிற பாதை வேண்டும்.

கப்பலில் வேலை பார்க்கும் அண்ணன் யோகோஹாமாவிலிருந்து வாங்கி வந்த கேட்டோ தண்டவாளப் பெட்டி இருக்கிறது. ‘என்’ அளவு, இரு கம்பிகளுக்கும் இடையே 9 மில்லிமீட்டர். ஒவ்வொரு துண்டும் தனக்கான பிளாஸ்டிக் சரளைமேட்டோடு வருவதால் மேசையில் வைத்து அழுத்தினால் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும். 282 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவுகள் எட்டு சேர்ந்தால் முழு வட்டம். வட்டத்தின் விட்டம் 564, மேட்டின் அகலம் 25, ஆக 589. 2 அடி என்பது 610. இரு ஓரத்திலும் ஒரு சென்டிமீட்டர் மிஞ்சும். அங்கே சட்டம் அடித்துவிட்டால் எஞ்சின் தடம் புரண்டாலும் தரையில் விழாது.

டிசம்பர் 7

எந்த ரயிலைச் செய்வது என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. குலசேகரன்பட்டினம் லைட் ரயில்வே. பாரி கம்பெனி தன் சர்க்கரை ஆலைக்காகப் போட்ட பாதை, 1914 முதல் 1940 வரை ஓடியது. திசையன்விளையிலிருந்து குலசை வழியாகத் திருச்செந்தூர் வரை, பனங்காட்டுக்கும் தேரிமணலுக்கும் நடுவே. பிறகு பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தப் பக்கம் இன்று உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, குலசையில் ராக்கெட் ஏவுதளம் வருகிறது. இப்படியொரு ரயில் ஓடியதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. 1876-இல் தூத்துக்குடிக்கு வந்த மீட்டர் கேஜ் பாதையைப் பற்றியும், 1914 வரை இங்கே வந்து கொழும்புக் கப்பலுக்கு ஆளேற்றிய போட் மெயிலைப் பற்றியும் பேசுகிறோம். இந்தச் சின்ன ரயிலும் பேசப்பட வேண்டும்.

அதன் தண்டவாள இடைவெளி 2 அடி. என் பலகையின் அகலமும் அதேதான்! 610-ஐ 9-ஆல் வகுத்தால் 67.8 வருகிறது. 9 மில்லிமீட்டர் பாதையில் குறும்பாதை ரயில் செய்கிறவர்களில் பலர் 76-இல் ஒரு பங்கு அளவில் செய்வார்கள். நானும் அதையே எடுத்துக்கொள்கிறேன். தண்டவாளம் சற்று அகலமாகத் தெரியும், அது பரவாயில்லை. பனைமரம் அளவாக இருக்க வேண்டும்.

டிசம்பர் 8

துண்டுத் தண்டவாளம் என்றதும் பொம்மைதான் நினைவுக்கு வருகிறது. ஜெர்மனியின் மார்க்லின் 1891-இல் லைப்சிக் சந்தைக்குக் கொண்டுவந்தது அப்படிப்பட்ட பொம்மைதான். ஆனால் அதற்கும் முன்னால், 1870-களில், பிரான்சில் பால் டெகோவில் தன் பண்ணையில் சர்க்கரை பீட் கிழங்கு அள்ளுவதற்கு இரும்புக் குறுக்குக்கட்டைகளோடு சேர்ந்த பாதைத் துண்டுகளைச் செய்தார். ஏணியைத் தூக்குவதுபோல் ஆட்களே தூக்கி, இன்று இந்த வயலில், நாளை அந்த வயலில் போட்டுக்கொள்ளலாம். அறுவடை முடிந்தால் பாதையும் முடிந்தது. அங்கே கிழங்கு, குலசையில் பனை. சர்க்கரைக்கும் குறும்பாதை ரயிலுக்கும் எப்போதும் ஒரு உறவு இருந்திருக்கிறது.

டிசம்பர் 12

இந்த வேலையின் உயிர் இன்றைய வேலையில்தான். பலகையும் பலகையும் சேரும் இடம்.

பலகைகளை போல்ட் போட்டு இறுக்கி, மேலே ஒரு தண்டவாளத் துண்டைப் பாலமாக வைப்பது ஒரு வழி. அதைவிட நல்ல வழி, 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவான ‘டி-டிராக்’ முறையில் இருக்கிறது. இதே கேட்டோ துண்டுகளுக்காக உருவானது. 248, 248, 124 சேர்ந்தால் தண்டவாளத்தின் நீளம் 620. அதைத் தாங்கும் பெட்டியின் நீளம் 618. பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் தண்டவாளம் வெளியே துருத்தும். இரண்டு பெட்டிகளைச் சேர்க்கும்போது மரம் முட்டுவதற்குமுன் கம்பிகள் சேர்ந்து பூட்டிவிடும். பூட்டே பெட்டிகளையும் பிடித்துக்கொள்ளும், போல்ட் வேண்டாம். நம் ஊரில் மழைக்கு மரம் ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். அந்த இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்ளும். இத்தனை எளிய, இத்தனை அழகான ஏற்பாட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நடுப்பலகையை 618-க்கு இழைக்கச் சொன்னேன். “ரெண்டு மில்லிமீட்டருக்கா அண்ணாச்சி இவ்வளவு பாடு?” என்றார் ஆசாரி. காரணத்தைச் சொன்னதும் அவரே இன்னொரு தடவை அளந்து இழைத்தார். வீட்டுத் தரை சமமில்லை என்பதால் மூலைக்கு ஒரு போல்ட், அடியிலிருந்து திருகி உயரம் சரிசெய்ய.

டிசம்பர் 16

ரயில் ஓடியது. கடைசிப் பலகைக்குப் போனதும் தள்ளாடி நின்றது.

“மாமா, ஏன் அங்கயே நிக்கி?” என்றான் மருமகன்.

உப்புக்காற்றுதான் மவனே என்றேன். 12 வோல்ட் மின்சாரம் இணைப்புக்கு இணைப்பு தாவிப் போக வேண்டும். கழற்றிப் பூட்டக் கழற்றிப் பூட்ட இணைப்பி தளரும். உப்பளமும் கடலும் சூழ்ந்த ஊரில் அதன்மேல் கறையும் படியும். நிலையான பாதை போடுகிறவர்கள் இணைப்புகளைப் பற்றவைத்துவிடலாம். எங்களுக்கு அது ஆகாது. ஆகவே மின்சாரத்தை இணைப்பின் தயவில் விடாமல், ஒவ்வொரு பலகைக்கும் தனிக் கம்பி கொடுத்து, அடியில் பொதுக்கம்பி ஓட்டி, பலகைக்குப் பலகை பிளக் வைத்தோம். ரயில் நிற்கவில்லை. கம்பியைத் துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணி போதும். உப்புத்தாள் கூடவே கூடாது, அது போட்ட கீறலில்தான் அடுத்த அழுக்கு தங்கும்.

டிசம்பர் 23

குடில் முடிந்தது. ஆடு மாடுகளுக்குப் பின்னால் தேரியின் செம்மண், பனைகள், ஆலைக்கொட்டகை. அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் அப்பா சலாபத்துக்கு, அதாவது முத்துக்குளிப்புக்கு, போன கதையைச் சொன்னாள். முத்துக்குளிப்புக் காலத்தில் கடற்கரையில் ஓலைக்கொட்டகைகளால் ஓர் ஊரே எழும்பும், சிப்பி முடிந்ததும் கலைந்துபோகும். இங்கே 1961-க்குப் பிறகு சலாபம் நடக்கவில்லை. அடுத்த முறை ஆலைக்கொட்டகைக்கு எதிரே கடலோரமாக அந்தக் கொட்டகைகளையும் வைக்கச் சொல்கிறாள். வைப்பேன்.

ஜனவரி 7

பிரித்தாயிற்று. பலகைகளை நேர்கோட்டில் இழுத்துப் பிரிக்க வேண்டும். ஒரு பக்கம் தூக்கினால் கம்பி முறுகும். மருமகன் அதைக் கச்சிதமாகச் செய்தான். பலகைக்கு அடியில் எண் எழுதி, தண்டவாளத்தின் மேல் துணி போர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு பாலிதீனில் கட்டினோம்.

ஆலைக்குள் போகிற கிளைப்பாதை இல்லாமல் குலசை ரயில் முழுமையாகாது. பாதையைப் பிரிக்கும் கேட்டோ 6-ஆம் எண் பாயிண்டின் நேர்ப்பக்க நீளம் 186. அதோடு ஒரு 62 துண்டைச் சேர்த்தால் 248. நடுப்பலகையில் ஒரு 248-ஐ எடுத்துவிட்டு இந்த இரண்டையும் வைத்தால் மொத்தம் அதே 620. பலகையை இழைக்க வேண்டியதில்லை. அண்ணனிடம் பாயிண்ட் சொல்லியாயிற்று. இடப்பக்கம் பிரிவது.