எண்ணும் எடையும்

மக்கட்கு இயல்பாய் அமைந்த ஆசைகளுள், தம் பெயர் பிறர் நாவில் வழங்கவேண்டும் என்னும் ஆசை மிக வலியது. கற்றோரும் அதற்கு விலக்கல்லர். உயிர்வேதியியல் ஆராய்ச்சியிற் பல்லாண்டு கழித்த யாமும் அவ்வாசைக்கு ஆட்பட்டிருந்தோம் என்பதை இம்மலரைப் படிக்கும் அன்பர்கட்கு ஒளியாது உரைக்க விரும்புகின்றோம்.

சில ஆண்டுகட்கு முன், பதவி உயர்வு கருதி ஒரு விண்ணப்பத்தாளை நிரப்ப நேர்ந்தது. வெளியிட்ட கட்டுரைகள் எத்தனை? பிற ஆராய்ச்சியாளர் அவற்றை மேற்கோளாகச் சுட்டியது எத்தனை முறை? எச் குறியெண் யாது? இவையே அத்தாளின் வினாக்கள். எச் குறியெண்ணாவது, 2005-ஆம் ஆண்டில் ஹிர்ஷ் என்னும் பௌதிக அறிஞர் வகுத்ததொரு கணக்கு. ஒருவருடைய கட்டுரைகளுட் பத்து, ஒவ்வொன்றும் பத்து முறையேனும் சுட்டப்பெற்றிருப்பின் அவர் எண் பத்து. பதினொரு கட்டுரைகள் பதினொரு முறை வீதம் சுட்டப்பெறுங்காறும் அது பதினொன்றாகாது. இவ்வெண்ணைப் பெருக்கும் வேட்கையால், ஒரே ஆராய்ச்சியை மூன்று கட்டுரைகளாகக் கூறிட்டு வெளியிட்டவர் யாம்.

அவற்றைக் கணக்கிடுங்கால், ஒரு கட்டுரையின் இறுதியிலுள்ள நன்றியுரையில் எம் மாணவி ஒருத்தியின் பெயர் கண்ணிற் பட்டது. அதன்கண் உள்ள அளவைகளிற் பெரும்பாலன அவள் இரவு பகலாக ஆய்வுக்கூடத்திலிருந்து எடுத்தவை. எனினும் ஆசிரியர் வரிசையில் அவள் பெயர் இல்லை. எழுதுகோல் மேற்செல்லவில்லை.

அப்பொழுது எம் நினைவிற்கு வந்தவர் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-இற் பீமவரத்திற் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று, 1923-இல் அமெரிக்கா சென்ற இப்பெரியார், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபிஸ்க் என்பாருடன் உழைத்தார். நீலநிறத்தின் அடர்த்தியைக்கொண்டு பாஸ்பரஸின் அளவைக் காணும் முறையொன்றை இருவரும் 1925-இல் வெளியிட்டனர். ஊரார்க்கெல்லாம் உதவும் மரக்காலைப்போல அம்முறை ஆய்வுக்கூடந்தோறும் வழங்கிற்று. அதனால் அக்கட்டுரையும் பெரிதும் மேற்கோளாயிற்று. 1951-இல் லோரி முதலிய நால்வர் புரதத்தை அளக்கும் முறையொன்றை வெளியிட்டனர். 2014-இல் எடுத்த கணக்கின்படி அது மூன்று இலட்சத்திற்கு மேற்பட்ட முறை சுட்டப்பெற்று உலகில் முதலிடம் பெற்றது. டி.என்.ஏ.வின் அமைப்பை 1953-இல் உலகுக்கு அறிவித்த வாட்சன், கிரிக் ஆகியோரது கட்டுரையோ அவ்வரிசையின் முதல் நூற்றுள்ளும் இடம்பெறவில்லை. ஆதலின் மேற்கோள் எண்ணிக்கை ஒரு கட்டுரை எத்துணைப் பேர்க்குப் பயன்பட்டது என்பதைக் காட்டுமேயன்றி, அதன் பெருமையை நிறுத்துக் காட்டாது.

சுப்பாராவின் பிற்கால வாழ்வு இதனை இன்னும் விளக்கும். ஹார்வர்டில் நிலையான பதவி கிட்டாமையால், 1940-இல் அவர் லெடர்லே மருந்து ஆய்வகம் புகுந்தார். அவர் தலைமையில் உழைத்த குழுவினர் 1945-இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். 1947-இல் யானைக்கால் நோய்க்குரிய டைஎதில்கார்பமாசைனை வெளிக்கொணர்ந்தனர். அக்குழுவினர் ஆக்கிய அமினோப்டெரினைப் பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகட்கு அளித்தார். பதினாறு குழந்தைகளுட் பத்துப் பேர்க்கு நோய் சிறிது காலம் தணிந்ததென 1948-இல் எழுதினார். புகழ்பெற்ற அக்கட்டுரையின் ஆசிரியர் வரிசையிற் சுப்பாராவின் பெயர் இல்லை. அவ்வாண்டிலேயே அவர் தம் ஐம்பத்துமூன்றாம் வயதிற் காலமானார். நம் நாட்டுச் சிற்றூர்களில் யானைக்கால் நோய்த் தடுப்பு மாத்திரையை விழுங்கியோர் எவரையும் மேற்கோள் காட்டுவதில்லை. ஆயினும் பயன் அவர்களைச் சேர்ந்துளது.

இவற்றை எண்ணியபின் எமக்கு இரண்டு தெளிவாயின. எண்ணிக்கையைக்கொண்டு எம்மை யாமே எடைபோடுதல் பேதைமை. ஆனால் உழைத்தவர் பெயரை உரிய இடத்திற் பொறியாது விடுதல் பேதைமையன்று. அது பிறர் பொருளைக் கவர்தலாம். எண்ணை இகழ்ந்து பேசுவோர் இவ்விரண்டாவதை மறத்தலாகாது. பதவியில் நிலைபெற்ற எமக்கு ஓர் எண் சிறிது; வாழ்வைத் தொடங்கும் மாணவிக்கோ அந்த ஒரு கட்டுரையே மேற்படிப்பின் வாயில்.

விண்ணப்பத்தை ஒருபுறம் வைத்து, அவ்விதழின் பதிப்பாசிரியர்க்கு எம் தவற்றை ஒப்பி எழுதினோம். நாணம் மிகுதியாய் இருந்தது. மாணவிக்கும் ஒரு கடிதம் விடுத்து மன்னிப்பு வேண்டினோம். சில திங்களில் திருத்தம் வெளிவந்தது. அவள் பெயர் ஆசிரியர் வரிசையிற் சேர்ந்தது. அவளிடமிருந்து வந்த மறுமொழி இரண்டே வரி: தன் தந்தையார்க்கு அப்பக்கத்தைப் படித்துக் காட்டியதாகவும், அவர் மறுமுறையும் படிக்கச் சொன்னதாகவும் எழுதியிருந்தாள்.

அத்திருத்தத்தால் எம் குறியெண் ஒன்றும் ஏறவில்லை. அவ்வாண்டு பதவி உயர்வும் கிட்டவில்லை. ஆயினும் அம்மறுமொழியை இன்றும் எம் மேசையிற் போற்றி வைத்துள்ளோம். ஆய்வுக்கூடம் புகும் இளைஞர்காள்! நும் பெயர் எத்துணை முறை சுட்டப்பெறும் என்பது நும் கையிலில்லை. உடனுழைத்தோர் பெயரைச் சுட்டுதல் நும் கையிலேயே உளது.