கோடியக்கரை: பறவைக்குக் கணக்கு எழுதும் கடற்கரை

மாசி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும் வேப்பூர் பக்கத்து மானாவாரிக் காடுகளில் ஒரு மாற்றம் தெரியும். மழைக்காலத்தில் வந்து இறங்கிய சோளக்குருவிக் கூட்டம் நாளுக்கு நாள் குறையும். உழவு ஓட்டும்போது டிராக்டருக்குப் பின்னால் வாலை ஆட்டிக்கொண்டு நடந்த வாலாட்டிகளைக் காணோம். மக்காச்சோளக் காட்டின் மேல் தாழப் பறந்து எலி தேடிய பூனைப்பருந்தும் இருக்காது. சித்திரைக்குள் எல்லாம் போய்விடும். அவை எங்கே போகின்றன என்ற கேள்விக்கு அறுபது ஆண்டுகளாக விடை தேடிவரும் இடம் ஒன்று தமிழகத்திலேயே இருக்கிறது. அதுதான் நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்கோடியில் இருக்கும் கோடியக்கரை.

வேப்பூரிலிருந்து விருத்தாசலம் வந்து, பீங்கான் தொழிற்கூடங்களைத் தாண்டி, சிதம்பரம், சீர்காழி, நாகப்பட்டினம் வழியாகப் போனால் வேதாரண்யம். பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் மேட்டு நிலம் வழியிலேயே வயலாக மாறும். மாசி மாதத்தில் சம்பா அறுவடை முடிந்து, நெல் தரிசில் உளுந்தும் பயறும் பச்சை கட்டி நிற்கும். வேதாரண்யத்தைத் தாண்டினால் பச்சையும் முடிந்துவிடும். இருபுறமும் உப்பளம், வெள்ளை வெளேரென்ற உப்புக் குவியல். 1930ல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்தவர்கள் உப்பு அள்ளிய அகத்தியம்பள்ளி இந்தச் சாலையில்தான் இருக்கிறது. வேதாரண்யத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் கோடியக்கரை. கிழக்கே வங்கக்கடல், தெற்கே பாக் நீரிணை. நிலம் அத்தோடு முடிகிறது.

வடக்கிலிருந்து வரும் பறவைக்கு இது கடைசி நிறுத்தம் மாதிரி. அலையடிக்கும் கரை, சேற்றுவெளி, உப்பளத் தண்ணீர், புல்வெளி, உலர் பசுமைமாறாக் காடு என எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. வெளிமான்கள் மேயும் இந்தப் பகுதியை 1967ல் அரசு சரணாலயமாக அறிவித்தது. 2002ல் சுற்றியுள்ள சதுப்பு நிலத்தையும் சேர்த்து 38,500 ஹெக்டேர் பரப்பு, ராம்சார் ஒப்பந்தப் பட்டியலில் இடம்பெற்றது. தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலில் முதலில் சேர்ந்தது கோடியக்கரைதான்.

பறவைக் கணக்கு இங்கே தொடங்கியதற்குக் காரணம் ஒரு காய்ச்சல். 1957ல் கர்நாடக மாநிலம் ஷிமோகா பகுதியில் குரங்குகள் செத்து விழுந்தன, மனிதர்களுக்கும் காய்ச்சல் பரவியது. உண்ணி மூலம் பரவும் அந்த நோயைக் குரங்குக் காய்ச்சல் என்கிறார்கள். அதே வகைக் கிருமி ரஷ்யாவிலும் இருந்ததால், வலசை வரும் பறவைகள் உண்ணியைச் சுமந்து வருகின்றனவா என்ற சந்தேகம் எழுந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959ல் பறவைகளைப் பிடித்து வளையமிடும் பெரிய திட்டத்தைத் தொடங்கியது. அதை முன்னின்று நடத்தியவர் பறவை அறிஞர் சாலிம் அலி. கோடியக்கரையின் அருமையை உணர்ந்து இங்கேயும் முகாம் அமைக்கச் செய்தார். 1980களில் ஆட்கள் தொடர்ந்து தங்கியிருந்து பதிவு செய்யும் நிலையமாக அது வளர்ந்தது.

வளையமிடும் வேலை எளிமையானது; பொறுமைதான் அதிகம் வேண்டும். நிலா வெளிச்சம் இல்லாத இரவுகளில் ஆழமில்லாத தண்ணீரின் குறுக்கே மெல்லிய வலை கட்டுவார்கள். பறவை வந்து விழுந்ததும் இறகு ஒடியாமல் எடுத்து எடை போடுவார்கள். சிறகின் நீளத்தையும் அலகின் நீளத்தையும் அளந்த பிறகு, காலில் எண் பொறித்த அலுமினிய வளையத்தை மாட்டி விட்டுவிடுவார்கள். நாள், நேரம், இடம், எடை எல்லாம் நோட்டில் ஏறும். பறவை பிடிப்பதில் தலைமுறைத் தேர்ச்சி கொண்ட பீகாரின் மிர்ஷிகார் சமூகத்தினர், இந்த வேலையில் கழகத்துக்குக் கை கொடுத்தார்கள்.

மாசியும் பங்குனியும் நோட்டில் முக்கியமான மாதங்கள். கொசு உள்ளான் என்ற சின்னப் பறவை இங்கே கூட்டம் கூட்டமாக இருக்கும். அதன் எடை சுமார் 25 கிராம். மூன்று பத்து ரூபாய் நாணயங்களைக் கையில் வைத்தால் ஏறக்குறைய அவ்வளவுதான். புறப்படும் நாள் நெருங்க நெருங்க அது விடாமல் மேய்ந்து உடம்பில் கொழுப்பைச் சேர்க்கும். அந்தக் கொழுப்புதான் பயணத்துக்கு எரிபொருள். போக வேண்டிய இடமோ சுமார் 7,000 கிலோமீட்டருக்கு அப்பால், சைபீரியாவின் வட கோடியில் பனி உருகும் சமவெளி. வளைந்த அலகு கொண்ட இன்னொரு உள்ளான் வகை, குளிர்காலம் முழுவதும் சாம்பல் நிறத்தில் இருக்கும். கிளம்பும் சமயத்தில் செங்கல் நிறத்துக்கு மாறும். நிறம் மாறிவிட்டால் பயணம் நெருங்கிவிட்டது என்று பொருள்.

எல்லாப் பறவையும் சைபீரியா போவதில்லை. கோடியக்கரைக்குப் பெயர் தந்த பூநாரைகள், குஜராத்தின் கட்ச் உப்புவெளியில் சேற்றைக் குவித்துக் கூடு கட்டும் இனம். வேப்பூர் காடுகளுக்கு வரும் சோளக்குருவி மத்திய ஆசியப் புல்வெளிகளுக்குப் போய்க் குஞ்சு பொரிக்கிறது. இங்கே கதிரைக் கொத்துகிறது என்று தகரம் தட்டி விரட்டப்படும் அதே பறவைக்கு, சீனாவின் சின்ஜியாங் பகுதியில் கல்லைக் குவித்துக் கூடு அமைத்துக் கொடுக்கிறார்கள். அங்கே அது வெட்டுக்கிளிகளை வாரித் தின்கிறது.

இந்த நோட்டுகளால் என்ன பயன் என்று கேட்டால், பதில் கோடியக்கரையின் தண்ணீரிலேயே இருக்கிறது. 1980களில் லட்சக்கணக்கில் கூடிய கொசு உள்ளான்கள் பிற்பாடு வெகுவாகக் குறைந்துவிட்டன. வெறும் கண்ணால் பார்ப்பவருக்கு இன்றும் ஆயிரக்கணக்கில் தெரியும், குறைவு தெரியாது. அன்று எழுதி வைத்த எண்ணோடு இன்றைய எண்ணை வைத்துப் பார்த்தால்தான் இழப்பு புரியும். சதுப்புக்கு வரும் நன்னீர் குறைந்தது, உப்பளம் விரிந்தது, தண்ணீரில் உப்பு கூடிப் பறவை தின்னும் புழுவும் பூச்சியும் அருகியது ஆகியவற்றைக் காரணங்களாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வராத ஆண்டில் நெல் மட்டும் காய்வதில்லை. அந்த வயல்களுக்கும் கீழே, கடலோரச் சதுப்பில் இரை தேடும் பறவையும் பட்டினி கிடக்கிறது. புல்வெளியில் சீமைக்கருவேலம் பரவியதும், 2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் கரையில் மரங்களைச் சாய்த்ததும் கூடுதல் அடி.

கடற்கரையில் நடக்கும் இந்த வேலையை வயல்வெளியிலும் செய்யலாம். 2018ல் மக்காச்சோளத்தில் படைப்புழு வந்தபோது, ஏக்கருக்கு 10 இடத்தில் பறவைத் தாங்கி நடச் சொன்னார்கள். அதில் வந்து உட்காரும் கரிச்சான் எத்தனை, எந்த மாதம் அதிகம், எந்த ஆண்டு குறைந்தது என்பதைக் காட்டுக்காரரைவிட நன்றாகக் கவனிக்கக்கூடியவர் யாரும் இல்லை. பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கம் இதற்குப் போதும். சோளக்குருவி முதலில் வந்த நாள், கடைசியாகப் பார்த்த நாள், உத்தேசமான எண்ணிக்கை என மூன்றை மட்டும் எழுதினால், ஐந்து ஆண்டில் அந்த ஊருக்கென்று ஒரு வரலாறு கிடைக்கும். செல்போன் இருக்கும் வீட்டுப் பிள்ளைகள் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் சேரலாம். ஓரிடத்தில் 15 நிமிடம் நின்று பார்த்ததை 'இ-பேர்டு' செயலியில் ஏற்றினால் போதும்.

காலில் வளையம் உள்ள பறவை வயலில் இறந்து கிடந்தால், வளையத்தில் உள்ள எண்ணையும் எழுத்தையும் அப்படியே குறித்து, நாளையும் ஊரையும் சேர்த்து அருகிலுள்ள வனத்துறை அலுவலகத்தில் சொல்ல வேண்டும். முடிந்தால் வளையம் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் எடுப்பது நல்லது. உயிருள்ள பறவையாக இருந்தால் வளையத்தைக் கழற்றவே கூடாது. வலை, கண்ணி வைத்துப் பறவை பிடிப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டப்படி குற்றம்.

கோடியக்கரையைப் பார்க்க ஐப்பசி முதல் மாசி வரை நல்ல காலம். வேதாரண்யத்திலிருந்து பேருந்து உண்டு. சரணாலயத்துக்குள் செல்ல வனத்துறை அனுமதி பெற வேண்டும். பங்குனி மாலையில் போனால் கூட்டம் மெலிந்திருக்கும். இருப்பவையும் வடக்கு நோக்கிக் கிளம்பும் அவசரத்தில் சேற்றைக் குத்திக் குத்தி மேய்ந்துகொண்டிருக்கும். ஆவணியில் முதல் கூட்டம் திரும்பும்போது, அதைக் குறித்துக்கொள்ள ஒரு நோட்டு அங்கே திறந்திருக்கும். வேப்பூரிலும் ஒன்று திறந்திருந்தால் நல்லது.