முதல் ஈடு

மூன்று உருண்டைகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு எண்ணெயிலிருந்து வந்தால்தான் அது முந்திரிக்கொத்து. பிரிந்து வந்தால் வெறும் உருண்டை. 2024 டிசம்பர் 22ஆம் தேதி மாலை, குளச்சலில் என் தோழி வீட்டு அடுப்படியில், அவளுடைய அம்மா எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம் இது. வறுத்து உடைத்த சிறுபயறு, வெல்லப்பாகு, வறுத்த தேங்காய்த் துருவல், எள், ஏலம், கொஞ்சம் சுக்கு. பாகு சூடாக இருக்கும்போதே பிடிக்க வேண்டும், உள்ளங்கை பொறுக்காது. பிடித்ததை மஞ்சள் கலந்த அரிசிமாவுக் கரைசலில் தோய்த்து, மூன்று மூன்றாகச் சட்டியில் விட வேண்டும்.

முதல் ஈடு வெந்து வந்தது. ஒன்றை எடுக்கக் கை நீட்டினேன். அம்மா தட்டை மெல்ல நகர்த்தி வைத்தார்.

"இது இருக்கட்டும் மக்ளே. முதல் ஈடு துக்க வீட்டுக்கு. அடுத்தது நமக்கு."

அந்த வருடத்தில் சாவு விழுந்த வீட்டில் பண்டிகைக்கு எண்ணெய்ச்சட்டி வைப்பதில்லை. அக்கம்பக்கத்தார்தான் பலகாரம் கொடுத்தனுப்புவார்கள். எங்கள் பக்கமும் உள்ள வழக்கம்தான். ஆனால் எங்கள் வீட்டில் நாங்கள் தின்று, விருந்தாளிக்குக் கொடுத்து, அதன்பிறகு நினைவு வந்தால் ஒரு டப்பாவில் போட்டு அனுப்புவோம். இங்கே கணக்கு துக்க வீட்டிலிருந்து தொடங்குகிறது. அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து கூடி ஜெபிக்கும் குழுவை அன்பியம் என்பார்கள். அம்மாவின் அன்பியத்தில் அந்த வருடம் நான்கு துக்க வீடுகள். நான்கு சம்படங்கள் திண்ணையில் வரிசையாகத் திறந்து கிடந்தன.

நான் திருச்சிக்காரி. பாலக்கரை சகாய மாதா கோவிலின் மணியோசையில் வளர்ந்தவள். எனக்குக் கிறிஸ்துமஸ் என்பது ஒரே ஓர் இரவு. புதுத்துணி, நடுச்சாமப் பூசை, மறுநாள் பிரியாணி, மதியத் தூக்கம். அந்த இரவை நான் நேசிக்கிறேன். ஆனால் 26ஆம் தேதி காலையில் எழும்போது ஏதோ வடிந்துவிட்டதுபோல் இருக்கும். திருச்சபையின் நாட்காட்டியோ அன்றைக்கு முடிவதில்லை. மூன்று ஞானிகள் வரும் திருக்காட்சியைத் தாண்டி, ஆண்டவரின் திருமுழுக்கு வரைக்கும் பிறப்புக்காலம் நீள்கிறது. அந்த நாட்களில் ஒரு கிறிஸ்தவள் என்னதான் செய்ய வேண்டும் என்று ஒருமுறை தோழியிடம் கேட்டேன். "எங்க ஊர்ல வந்து இருந்து பாரு" என்றாள்.

அதனால்தான் ஓர் இரவு கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஏறி, விடியுமுன் நாகர்கோவிலில் இறங்கினேன். கோட்டாறு புனித சவேரியார் பேராலயத்தில் ஞாயிறு பூசை. திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறு; பீடத்தருகே நான்காவது மெழுகுவர்த்தியும் எரிந்தது. பூசை முடிந்து தேவசகாயம் பிள்ளையின் கல்லறையருகே கொஞ்ச நேரம் முழந்தாளிட்டிருந்தேன். அவருடைய கதைக்கு ஒரு முன்கதை உண்டு. 1741இல் குளச்சல் கடற்கரையில் டச்சுப் படை திருவிதாங்கூரிடம் தோற்றது. சிறைப்பட்ட படைத்தலைவர் டிலனாய் பிறகு மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையிலேயே பொறுப்பேற்றார். குடும்பத்தில் அடுக்கடுக்காகத் துன்பம் வந்து உடைந்து போயிருந்த நீலகண்ட பிள்ளைக்கு அவர் சொன்னது யோபுவின் கதை என்பார்கள். பிள்ளைகளையெல்லாம் ஒரே நாளில் இழந்த மனிதனின் கதை. நீலகண்டன் 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். குளச்சல் பேருந்தில் உட்கார்ந்து, திங்கள்சந்தையைத் தாண்டும்வரை யோபுவையே நினைத்துக்கொண்டிருந்தேன். போகும் வீட்டில் எனக்கு என்ன காத்திருக்கிறதென்று அப்போது முழுதாகத் தெரியாது.

23ஆம் தேதி காலை நாலரைக்கு அம்மா எழுந்துவிட்டார். ஜெபமாலை அவருக்குத் தனி வேலை இல்லை. அடுப்பு பற்றவைக்கும்போது முதல் பத்து, முற்றம் பெருக்கும்போது அடுத்த பத்து. உலையில் இடுமுன் அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து மூலையிலிருந்த பானையில் போட்டார். பிடியரிசி. திருவருகைக் காலம் தொடங்கிய நாள் முதல் தினமும் ஒரு பிடி. அன்று மாலை அன்பியத்துப் பெண்கள் வீடு வீடாக வந்து அதை வாங்கிச் சேர்த்து, கடலுக்குப் போக முடியாத கிழவர்களின் வீடுகளுக்குக் கொண்டுபோனார்கள். பானையைக் கவிழ்த்தபோது அதில் இருந்த அரிசியைப் பார்த்து எனக்கே வியப்பு. தினம் ஒரு பிடி குறைந்ததை அந்த வீட்டில் யாருமே உணர்ந்திருக்க மாட்டார்கள்.

அன்று காலையில் அம்மா கரைக்குப் போய் ஏலத்தில் சாளையும் நெத்திலியும் எடுத்தார். அலுமினியச் சருவத்தில் மீன், தோளில் தொங்கிய துணிப்பையில் முந்திரிக்கொத்து. உள்நாட்டு ஊர்களில் அவருக்கு முப்பது வருட வாடிக்கை வீடுகள். நானும் பேருந்தில் கூடப் போனேன். சருவம் ஏறியதும் முன்னால் நின்ற இருவர் தள்ளிப் போய் நின்றார்கள். அம்மா அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. சேலைத் தலைப்பால் சருவத்தின் வாயை இன்னும் இறுக்கி மூடினார். வாடிக்கை வீடுகளில் பெரும்பாலும் இந்துக்கள், இரண்டு முஸ்லிம் வீடுகள். ஒவ்வொரு வாசலிலும் முதலில் மீனை நிறுப்பார், காசு வாங்குவார், பிறகு கையை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் பையைத் திறப்பார். வியாபாரமும் பண்டிகையும் ஒரே கையால் நடக்க வேண்டும், ஆனால் ஒன்றின் வாடை இன்னொன்றில் படக்கூடாது என்பதில் அவருக்கு அவ்வளவு கவனம். ஒரு வீட்டில் பாட்டி ஒருவர், "தீபாவளிக்கு நான் தந்த சம்படத்தைத் தந்தியா?" என்று கேட்டு, அதிலேயே முந்திரிக்கொத்தை வாங்கிக்கொண்டார்.

24ஆம் தேதி தெருமுனைகளில் குடில்கள் முடியும் நிலையில் இருந்தன. கன்னியாகுமரி மாவட்டத்தில் குடில் கட்டுவது இளைஞர்களின் பல வார வேலை. மூங்கில், வைக்கோல், சாக்கு, காகிதக்கூழ் மலை. ஒன்றில் பெத்லகேமுக்குப் பின்னால் கடல் வைத்து, அதில் ஒரு வள்ளமும் விட்டிருந்தார்கள். 1223இல் அசிசியின் பிரான்சிஸ் கிரெச்சோவில் பிறப்பின் காட்சியை அமைத்தபோது ஒரு தீவனத்தொட்டியும் வைக்கோலும் ஓர் எருதும் ஒரு கழுதையும்தான் இருந்தன. தொழுவத்தை அந்த ஊர்க்காரர்களின் கண்முன்னே கொண்டுவருவதுதான் அவருடைய நோக்கம். அப்படிப் பார்த்தால் பெத்லகேமில் வள்ளம் வைத்த பையன்கள் பிரான்சிஸை நன்றாகவே புரிந்துகொண்டவர்கள்.

முந்தின இரவுகளில் கேரல் பாடிக்கொண்டு பிள்ளைகள் வீடு வீடாக வந்தார்கள். மணி அடித்துக்கொண்டு முன்னால் போன சிறுவனைப் பார்த்தபோது சவேரியார் நினைவுக்கு வந்தார். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த அவர், தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் எழுதி வாங்கிய ஜெபங்களைச் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் போய்ப் பெற்றோருக்குச் சொன்னார்கள். 1544இன் கடைசி மாதங்களில் இந்தத் திருவிதாங்கூர்க் கரையில் ஊர் ஊராக நடந்து பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்தார். அம்மாவின் ஜெபமாலைக்கு வயது ஏறக்குறைய 480 வருடம்.

நடுச்சாமப் பூசையில், வானவர் கீதத்தின்போது எல்லா மணிகளும் ஒன்றாக அடிக்க, மூடியிருந்த திரை விலகிப் பாலன் சுரூபம் தெரிந்தது. வெளியே வெடி. பூசை முடிந்து பாலனை முத்தி செய்ய நீண்ட வரிசை. அம்மா பாலனின் பாதத்தில் உதடு வைத்தவர், தேவையான நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே குனிந்திருந்தார். பின்னால் நின்றவர்கள் அவசரப்படவில்லை. அந்த ஊரில் அப்படிக் கூடுதல் நேரம் குனிபவர்கள் பலர்.

25ஆம் தேதியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆப்பமும் ஆட்டுக்கறியும் தின்றோம். மாலையில் தோழியின் அக்காவும் அத்தானும் வள்ளவிளையிலிருந்து வந்தார்கள். தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர் அவர். வாரக்கணக்கில் கடலில் கிடப்பவர்கள் எங்கே இருந்தாலும் கிறிஸ்துமஸுக்குக் கரை சேரப் பார்ப்பார்கள். 2017இல் அப்படித் திரும்பாதவர்களைப் பற்றி அவரே பேச்செடுத்தார். நவம்பர் 30இல் ஒக்கிப் புயல் வந்தது. டிசம்பர் 3, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. காத்திருப்பின் காலம் என்று நாங்கள் மறைக்கல்வி வகுப்பில் படித்ததை அந்த ஊர்ப் பெண்கள் கடற்கரை மணலில் உட்கார்ந்து வாழ்ந்திருக்கிறார்கள். 7ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் மக்களோடு பங்குத்தந்தையரும் உட்கார்ந்தார்கள், தேடச் சொல்லிக் கேட்டு. "அந்த வருசம் எங்க வீட்டுல ஸ்டார் போடல. பூசைக்கு மட்டும் போனோம். பாலன் பொறந்தாரு, அதுல குறையில்ல. நமக்குத்தான் பாட வாய் வரல" என்றார் அத்தான். அவ்வளவு தெளிவான விசுவாச அறிக்கையை நான் கேட்டதில்லை.

26ஆம் தேதி படகுகள் ஒன்றும் கடலில் இறங்கவில்லை.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிறு. திருக்குடும்பத் திருவிழா. அன்றைய நற்செய்தி, ஏரோதுக்குத் தப்ப சூசையப்பர் குழந்தையையும் தாயையும் இரவோடிரவாக எகிப்துக்குக் கூட்டிப்போனது. அதைக் கேட்டுவிட்டு வீடு திரும்பி, முந்தின நாள் பலகாரத்தோடு காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள்மேல்தான் கடல் வந்தது. தப்பி ஓடியவர்களுக்குக் குறுக்கே ஏ.வி.எம். கால்வாய். குளச்சலில் மட்டும் நூற்றுக்கணக்கானோர் போனார்கள். அடையாளம் பார்க்கவும் நேரமில்லாமல் காணிக்கை மாதா கோவிலருகே ஒரே குழியில் அடக்கம் செய்யப்பட்டவர்கள் பலர்.

தோழிக்குத் தம்பி ஒருவன் இருந்தான் என்பது எனக்குத் தெரியும். அவன் உடல் கிடைக்கவே இல்லை என்பது, கல்லறைக்குப் போகும் வழியில்தான் தெரிந்தது. ஏழு வயது. கிறிஸ்துமஸுக்கு எடுத்த புதுச்சட்டையை மறுநாளும் கழற்றமாட்டேன் என்று அடம்பிடித்தவன்.

சுனாமியின் இருபதாம் ஆண்டு என்பதால் கூட்டம் அதிகம். மவுன ஊர்வலம், பூசை, பிறகு ஒவ்வொருவரும் பூவும் மெழுகுவர்த்தியுமாகக் கல்லறையைச் சுற்றி நின்றார்கள். சிலர் பெயர்களைத் தடவித் தடவி அழுதார்கள். இருபது வருடத்து அழுகை குறைந்திருக்கும் என்று நான் எண்ணியிருந்தேன். அம்மா ஓர் ஓரத்தில் மெழுகுவர்த்தியைப் பொருத்தி வைத்துவிட்டு, பக்கத்தில் யாரும் வைக்காமலிருந்த இடத்தில் இன்னொன்றையும் வைத்தார். "ஆளில்லாத பிள்ளைகளுக்கு" என்றார். "நம்ம பையனுக்கு வேற எங்கயாவது கரையில யாராவது வைப்பாவ இல்லியா?"

கோவில் வாசல் குடிலில் பாலன் கையை விரித்துப் படுத்திருந்தார். கல்லறையிலிருந்து திரும்பியவர்கள் அங்கே நின்று சிலுவை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இரண்டும் ஒன்றையொன்று விலக்கவில்லை. எங்கள் ஊர்க் குடிலில் நான் இத்தனை வருடம் வெறும் வெளிச்சத்தை மட்டும் பார்த்திருக்கிறேன். ஏரோதும் அந்தக் கதைக்குள்தான் இருக்கிறான்; 28ஆம் தேதி மாசில்லாக் குழந்தைகளின் திருநாளைப் பிறப்பின் எட்டு நாளுக்குள்ளேயே திருச்சபை வைத்திருக்கிறது. அழுகிற தாய்மாரை வெளியே நிறுத்திவிட்டுப் பிறப்பைக் கொண்டாட அது ஒருபோதும் சொன்னதில்லை.

29ஆம் தேதி ஞாயிறு, மீண்டும் திருக்குடும்பத் திருவிழா. இந்தமுறை லூக்கா நற்செய்தி: பன்னிரண்டு வயது இயேசு எருசலேமில் தங்கிவிட, பெற்றோர் தவித்துத் தேடி, மூன்று நாள் கழித்துக் கோவிலில் கண்டுபிடிக்கிறார்கள். சாமி வாசித்து முடித்தார். எல்லாரும் உட்கார்ந்தோம். அம்மா என் பக்கம் லேசாகச் சாய்ந்தார்.

"மாதாவுக்கு மூணு நாள்ல கிடைச்சாரு."

குரலில் குற்றச்சாட்டு இல்லை. ஒரு தாய் இன்னொரு தாயின் நல்ல செய்தியைச் சொல்வதுபோல இருந்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பாகு சுட்ட தழும்பு என் உள்ளங்கையிலும் இருந்தது. அவர் கையில் அது போல எத்தனையோ.

அன்றிரவு ரயிலுக்குக் கிளம்பும்போது ஒரு சம்படத்தைப் பையில் வைத்தார். "வீட்டுக்குப் போயி உடனே தின்னுடாத மக்ளே. உங்க பக்கத்துல துக்க வீடு இருந்தா முதல்ல அங்க குடு."

எங்கள் அடுக்ககத்தில் 24 வீடுகள். மதுரை தாண்டும்வரை ஒவ்வொரு கதவாக நினைத்துப் பார்த்தேன். எந்த வீட்டில் இந்த வருடம் சாவு விழுந்தது என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை வந்திறங்கியதும் காவலாளி அண்ணனிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "மூணாவது மாடி, லிஃப்டுக்கு எதிர் வீடும்மா. ஆடி மாசம் அந்த ஐயா போயிட்டாரு. அந்தம்மா தனியாத்தான் இருக்காங்க."

பெட்டியை அவரிடமே வைத்துவிட்டு, சம்படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே போனேன்.