மூக்கில் கொம்பு வைத்த இகுவானோடான்

லண்டனின் தென்கிழக்கே, சிட்னம் குன்றுச் சரிவில் கிரிஸ்டல் பேலஸ் பூங்கா இருக்கிறது. மேல்பக்கம் அகன்ற படிக்கட்டுகள், வெறிச்சோடிய மேடைகள், இல்லாத மாளிகைக்குக் காவலிருக்கும் ஸ்பிங்க்ஸ் சிலைகள். 1851 பொருட்காட்சிக்காக ஜோசப் பாக்ஸ்டன் இரும்பிலும் கண்ணாடியிலும் ஹைட் பார்க்கில் எழுப்பிய மாளிகையைப் பிரித்துக் கொண்டுவந்து, இன்னும் பெரிதாக்கி இங்கே நிறுத்தினார்கள். 1854 ஜூன் 10 அன்று விக்டோரியா அரசி திறந்துவைத்தார். 1936 நவம்பர் 30 இரவு அது எரிந்துபோனது.

பிள்ளைகள் படிக்கட்டுகளைப் பார்க்க வருவதில்லை. நேரே கீழே ஏரிக்கரைக்கு ஓடுகிறார்கள். அங்கேதான் தீவுகளில் அந்த விலங்குகள் நிற்கின்றன: சுமார் 30 சிலைகள், எல்லாம் மண்ணுக்குள் மறைந்துபோன உயிரினங்கள். அழிந்த விலங்குகளை முழு உடலோடு, உண்மை அளவில் வடித்து மக்கள் முன் நிறுத்தியது உலகில் இதுவே முதல் முறை. மாளிகையை எரித்த நெருப்பு இவற்றைத் தொடவில்லை.

செய்தவர் பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் என்ற சிற்பி. ஆலோசகர் ரிச்சர்ட் ஓவன். 1842இல் 'டைனோசர்' என்ற பெயரைச் சூட்டிய அதே ஓவன். அன்று டைனோசர்களைப் பற்றி அவர்கள் கையில் இருந்தவை சில பற்கள், சில எலும்புகள், கொஞ்சம் முதுகெலும்புத் துண்டுகள் மட்டுமே. மீதியை ஊகித்துத்தான் நிரப்ப வேண்டியிருந்தது. ஊர்ந்து திரியும் பெரும் பல்லிகளாக அல்லாமல், காண்டாமிருகத்தைப் போலக் கால் ஊன்றி நிற்கும் கனத்த விலங்குகளாக ஓவன் அவற்றைக் கருதினார். சிற்பி அப்படியே வடித்தார். சசெக்ஸ் மண்ணில் கிடைத்த கூர்மையான ஒரு எலும்பை எங்கே பொருத்துவது என்று தெரியாமல் இகுவானோடான் என்ற டைனோசரின் மூக்கில் கொம்பாக வைத்தார்கள். 1878இல் பெல்ஜியத்தின் பெர்னிசார் சுரங்கத்தில் முழு எலும்புக்கூடுகள் கிடைத்த பிறகுதான் அது கட்டைவிரல் முள் என்று தெரிந்தது.

மூக்குக் கொம்பைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கோ அது அந்தப் பூங்காவிலேயே மிக மதிப்புள்ள பொருளாகப் படுகிறது. கையில் இருந்த துண்டுகளை வைத்துக்கொண்டு, எட்டிய வரை நேர்மையாக யோசித்தவர்களின் யோசனை அங்கே உருவம் பெற்று நிற்கிறது. இன்று நாம் அருங்காட்சியகங்களில் பார்க்கும் டைனோசர்களும் நாளை திருத்தப்படலாம். முந்தைய யோசனை எப்படி இருந்தது என்று பார்க்க ஓர் இடம் வேண்டாமா?

இவை கல்லில் செதுக்கியவை அல்ல என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். நிற்கும் இகுவானோடானுக்கு என்ன செலவானது என்று ஹாக்கின்ஸ் 1854இல் ஒரு சொற்பொழிவில் கணக்குச் சொன்னார்: ஒன்பது அடி உயர நான்கு இரும்புத் தூண்கள், 600 செங்கல், 650 அரைவட்ட வடிகால் ஓடுகள், 900 சாதா ஓடுகள், 38 பீப்பாய் சிமெண்ட், 90 பீப்பாய் உடைத்த கல். நான்கு தூண்மேல் ஒரு வீடு கட்டுவதற்குச் சமம் என்றும் சொன்னார். நம் கோபுரங்களில் இருக்கும் சுதைச் சிற்பங்களைப் போன்றதுதான் இந்த வேலை: உள்ளே செங்கல்லும் இரும்பும், மேலே பூச்சு, அதன்மேல் வண்ணம். ஆகவே நோயும் அதே நோய்தான். இரும்பு துருப்பிடித்து ஊதிப் பூச்சைப் பிளக்கும். பிளவில் மண் சேரும், விதை விழும், வேர் இறங்கும். கோபுரத்தில் முளைத்த அரசங்கன்றை விட்டுவைத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். இங்கே அதோடு பனியும் சேர்கிறது. விரிசலுக்குள் புகுந்த நீர் உறைந்து விரியும்போது சிமெண்ட் செதில் செதிலாகப் பெயர்கிறது.

சிலைகளுக்கு நடுவே மனிதர்கள் வைத்த மரமும் ஒருமுறை சேதம் செய்தது. மெகாதீரியம் என்ற ராட்சத விலங்கை, உயிருள்ள ஒரு மரத்தைத் தழுவி நிற்பதாக ஹாக்கின்ஸ் அமைத்தார். மரம் பருத்துச் சிலையின் கையை உடைத்துவிட்டது.

இத்தனைக்கும் நடுவில் இவற்றைக் கவனித்துக்கொள்வது யார்? 2007இல் இங்கிலாந்தின் மிக உயர்ந்த மரபுச் சின்ன வரிசையில் இவை இடம்பெற்றன. பட்டியலில் பெயர் ஏறியதாலேயே விரிசல் மூடிவிடவில்லை. 2013இல் தொடங்கிய 'கிரிஸ்டல் பேலஸ் டைனோசர்களின் நண்பர்கள்' என்ற தன்னார்வ அமைப்பு அந்த இடைவெளியில் வந்து நின்றது. சிலைகளைச் செப்பனிடுவது தேர்ந்த வல்லுநர்களின் வேலை. தன்னார்வலர்கள் செய்வது வேறு: புதரை வெட்டுவது, களை பிடுங்குவது, எந்தச் சிலையில் எது பெயர்ந்திருக்கிறது என்று கண்காணித்துச் சொல்வது, பணம் திரட்டுவது, பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்குவது. நம்மூரில் உழவாரப்பணிக்குப் போகிறவர்களுக்கு இந்த வேலையின் சுவை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெயர் எழுதி வைக்காத வேலை. நின்றுபோனால் மட்டும் கண்ணுக்குத் தெரியும்.

இந்த நண்பர்களின் முதல் பெரிய போராட்டம் ஒரு பாலத்துக்காக. சிலைகள் இருப்பது தீவில். தீவுக்குப் போக அப்போது நிரந்தர வழி இல்லை. செடியை வெட்டவும் சிலையைச் சோதிக்கவும் ஒவ்வொரு முறையும் பாடு. நிரந்தரப் பாலம் போட்டாலோ யார் வேண்டுமானாலும் ஏறிப்போய் இகுவானோடான் முதுகில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள். அதனால் திரும்பக்கூடிய பாலம் ஒன்றைத் திட்டமிட்டார்கள்; வேலை நடக்கும்போது கரையோடு சேரும், மற்ற நேரம் விலகி நிற்கும். அதற்கு மக்களிடமே பணம் கேட்டார்கள். 'கன்ஸ் அன்ட் ரோசஸ்' இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் ஸ்லாஷ்கூட ஆதரவு திரட்டினார். 2021இல் பாலம் வந்தது.

அதற்குள் ஒரு இடி விழுந்தது. 2020இல் மெகலோசாரஸ் என்ற டைனோசர் சிலையின் வாயும் மூக்கும் பெயர்ந்து விழுந்தன. அதே ஆண்டு சிலைகள் 'ஆபத்தில் உள்ள மரபுச் சின்னங்கள்' பட்டியலில் சேர்க்கப்பட்டன. எடை குறைந்த மாற்றுத் தாடை ஒன்று 2021இல் பொருத்தப்பட்டது. இன்றைய அறிவியல் மெகலோசாரஸை இரண்டு கால்களில் நடக்கும் மெலிந்த வேட்டை விலங்காகக் காண்கிறது. என்றாலும் மாற்றுத் தாடையை அந்த உருவத்துக்கு யாரும் திருத்தவில்லை. ஹாக்கின்ஸ் வைத்த முகம்தான் திரும்ப வைக்கப்பட்டது. இந்த உறுதி எனக்கு மிகப் பிடிக்கிறது. பழுது பார்ப்பவர் கை எப்போதும் 'கொஞ்சம் சரிசெய்துவிடலாமே' என்று துறுதுறுக்கும். அதற்கு இடம் கொடுத்திருந்தால் 1854 இன்று இங்கே இருந்திருக்காது.

2023இல் அதே கொள்கை இன்னொரு முறை சோதிக்கப்பட்டது. பேலியோதீரியம் என்ற பழங்காலப் பாலூட்டியின் பெரிய சிலை ஒன்று கடந்த நூற்றாண்டின் நடுவில் காணாமல் போயிருந்தது. தடித்த உடல், தொங்கும் குட்டித் துதிக்கை. பழைய படங்களைத் தேடி எடுத்து, அவற்றின் துணையோடு, ஹாக்கின்ஸ் கற்பனை செய்தபடியே புதிதாக வடித்துப் பழைய கூட்டத்தோடு சேர்த்தார்கள். துதிக்கையோடுதான்.

குராய்டனிலும் டூட்டிங்கிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தப் பூங்கா பக்கம்தான். பெஞ்ச் வெஸ்ட் ரயில் நிலையத்தில் இறங்கினால் பூங்கா வாசல் அருகிலேயே, ஏரியும் அங்கிருந்து சில நிமிட நடை. நுழைவுக் கட்டணம் இல்லை. பிள்ளைகளை அழைத்துப் போங்கள். மூக்குக் கொம்பைக் காட்டுங்கள். பிறகு பெருவிரலை உயர்த்திக் காட்டி, அது உண்மையில் எங்கே இருந்தது என்று சொல்லுங்கள். வேலியைத் தாண்ட மட்டும் விடாதீர்கள். நேரம் இருந்தால் தன்னார்வலர்களோடு நீங்களும் சேர்ந்துகொள்ளலாம். களை ஒவ்வொரு வசந்தத்திலும் திரும்ப முளைக்கிறது.