ஈரக் காடும் உலர்ந்த ஊரும்

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பணிபுரியும் எங்கள் அண்ணன் மகனின் பிக்கப் வண்டியைக் கண்டு வியந்தோம். அதன் கூரைமேல் மடித்த கூடாரம் ஒன்று ஆண்டு முழுவதும் இறங்காமலே அமர்ந்திருக்கிறது. "அறுபது கிலோ எடை, சித்தப்பா, ஒற்றை ஆளாய் எப்படி இறக்கி ஏற்றுவது?" என்றான். எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். தாழ்ந்த கூரையுள்ள வண்டி நிறுத்தங்களில் நுழையவும் இயலாது. சோம்பல்தான் என்று எங்களுக்குள் முணுமுணுத்துக் கொண்டோம்.

அக்டோபர் மாதம் அவ்வண்டியிலேயே, வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பிக் மலைகளின் மேற்கிலுள்ள ஹோ மழைக்காட்டை அடைந்தோம். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,500 மில்லிமீட்டர் மழை பொழியும் இடம் அது. மேப்பிள் மரக் கிளைகளில் பாசி தாடியெனத் தொங்குகின்றது. நாங்கள் இருவரும் ஏணி வழியே ஏறிக் கூடாரத்தில் படுத்தோம். பிள்ளை வண்டி இருக்கையிலேயே முடங்கினான். விடிய விடிய மழை. வெளிநீர் உள்ளே வரவில்லை; எங்கள் மூச்சுக் காற்றே துணியில் குளிர்ந்து, துளிகளாய் முகத்தில் சொட்டியது. மெத்தையின் அடியும் நனைந்திருந்தது.

காலையில் ஈரத்தோடே மடித்தான். முந்தைய குளிர்காலத்தில் இவ்வாறு மடித்ததை இரு வாரம் திறவாது விட்டு, துணியெங்கும் கரும்பூஞ்சை படர்ந்த கதையை அப்போதுதான் சொன்னான். அந்த நாற்றத்தை நாங்கள் இரவே அறிந்திருந்தோம்!

ஆதலால் 101ஆம் நெடுஞ்சாலையில் மலைகளைச் சுற்றிக்கொண்டு, வடகிழக்கே ஸ்க்விம் என்னும் ஊருக்கு விரைந்தான். பசிபிக் காற்று மேற்குச் சரிவிலேயே தன் ஈரத்தைக் கொட்டிவிடுவதால், அங்கே ஆண்டு மழை 400 மில்லிமீட்டர் அளவே. அறுவடை முடிந்த லாவெண்டர் வயலோரம் கூடாரத்தை விரித்து, மெத்தையை நிமிர்த்தி வைத்து, தையல்களைத் தடவித் தடவிப் பார்த்தோம். மாலை நான்கு மணிக்குத்தான் உலர்ந்தது. அதன்பின் மூவருமாய் மடித்துக் கட்டினோம்.